ரொட்டிப் பெட்டியும் ரப்பர் விசையும்: பழைய வீட்டுக் கணினிகள் இன்றும் கண்ணைக் கவர்வது ஏன்?

தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஸ்டோர் அறையிலிருந்து என்னென்னவோ வெளியே வரும். ஓடாத காற்றாடி, பழைய வானொலி, நாடா சிக்கிய கேசட்டுகள். சில வீடுகளில் அவற்றோடு ஒரு பழுப்பு நிறப் பெட்டியும் வரும். பார்ப்பதற்குத் தடித்த விசைப்பலகை போல இருக்கும். திரை கிடையாது, மவுஸ் கிடையாது. வாசலில் "பேப்பர் லாமா" லோரியின் ஒலிபெருக்கி கேட்டதும் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிடுவதுதான் வழக்கம்.

அந்தப் பெட்டி வெறும் விசைப்பலகை அல்ல. அது ஒரு முழுக் கணினி. தொலைக்காட்சியோடு இணைத்தால் அன்றைக்கு வேலை செய்யும். 1977 தொடங்கி சுமார் 10 ஆண்டுகள், உலகின் பல நாடுகளில் வீட்டுக் கணினிகள் இப்படித்தான் இருந்தன. இன்று அவற்றைத் தேடி வாங்கி, துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அவற்றில் கணக்குப் போடுவதுகூட இல்லை. பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

இன்றைய மடிக்கணினிகளின் பெயரை மறைத்துவிட்டால் எது எந்த நிறுவனத்துடையது என்று சொல்வது கடினம். எல்லாம் சாம்பல் நிறத் தட்டுகள். அந்தப் பழைய கணினிகளை மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். காரணம் எளிமையானது. வீட்டுக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் கையில் இருந்த பணத்துக்கும், எதிரே இருந்த பயத்துக்கும் ஏற்றபடி ஒரு விடை கண்டார்கள். அந்த விடைகள்தான் இன்று அழகாகத் தெரிகின்றன.

சமையலறைப் பொருள் போல ஒரு கணினி

1975இல் அமெரிக்காவில் வெளிவந்த அல்டேர் 8800, ஆர்வலர்கள் வீட்டில் வைத்துக்கொண்ட முதல் கணினிகளில் ஒன்று. அது ஓர் இரும்புப் பெட்டி. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டுமே இருந்தன. மின்சாரப் பலகை போன்ற அந்தப் பொருளை உணவு மேசையில் வைக்க எந்த வீட்டிலும் சம்மதம் கிடைத்திருக்காது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்று கணினிகள் சந்தைக்கு வந்தன. பெட்டியிலிருந்து எடுத்து, மின்சாரத்தில் செருகி, உடனே பயன்படுத்தலாம்.

இவற்றில் ஆப்பிள் 2இன் உடலை வடிவமைத்தவர் ஜெரி மேனாக். அதற்கு அவர் பெற்ற கட்டணம் 1,500 டாலர். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், கடையில் சமையலறைக் கருவிகளைப் பார்த்துவிட்டு, கணினியும் இப்படி வழவழப்பான பிளாஸ்டிக் உடலோடு இருக்க வேண்டும் என்று விரும்பினார். முன்பக்கம் சரிந்து வந்து விசைப்பலகையாக முடியும். மேற்பக்கம் தட்டையாக இருக்கும், அதன்மேல் திரையை வைக்கலாம். வெளிறிய பழுப்பு நிறம். கூர்மையான விளிம்பு எதுவும் கண்ணில் படாது.

அதற்குள் இன்னொரு சங்கதியும் இருந்தது. ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி குறைவான வெப்பத்தையே வெளியிட்டதால், உள்ளே விசிறி தேவைப்படவில்லை. கணினி சத்தமில்லாமல் ஓடியது. வீட்டு ஹாலில் வைக்கும் பொருளுக்கு இதுவும் ஓர் அழகுதான். மூடியைக் கையாலேயே கழற்றி உள்ளே பார்க்கலாம். ராப் ஜேனாஃப் வரைந்த ஆறு வண்ண ஆப்பிள் சின்னம், இந்தக் கணினி திரையில் வண்ணம் காட்டும் என்பதை விளம்பரமாகவே சொன்னது.

ஆனால் விலை 1,298 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 3,200 வெள்ளி. இங்குள்ள சாதாரணக் குடும்பம் கனவில்கூட நினைக்க முடியாத தொகை.

அலமாரிப் பட்டறையில் பிறந்த பெட்டி

அதே ஆண்டு வந்த கமடோர் பெட் இதற்கு நேர்மாறானது. திரை, விசைப்பலகை, நிரல்களைச் சேமிக்கும் கேசட் கருவி எல்லாம் ஒரே உடலில் இருந்தன. அந்த உடல் பிளாஸ்டிக் அல்ல, மடித்த இரும்புத் தகடு. கமடோர் நிறுவனத்துக்குக் கனடாவில் அலுவலகக் கோப்பு அலமாரிகள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. தகடு வெட்டவும் மடிக்கவும் தெரிந்த ஆட்கள் கையில் இருக்கும்போது அச்சுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

நேர்க்கோடுகளால் ஆன அந்த உடலின் மேல், திரை ஒரு கோபுரம் போல நின்றது. விண்வெளிப் படத்தில் வரும் கருவி போலத் தோன்றியது. பழுது பார்க்க வேண்டுமானால் மேற்பாதியைக் காரின் முன்மூடியைத் தூக்குவது போலத் தூக்கி, ஒரு கம்பியால் முட்டுக் கொடுக்கலாம். அதைப் பார்த்தவர் எவரும் எளிதில் மறக்க மாட்டார். அலமாரி செய்யும் பட்டறைதான் அந்த உருவத்தைக் கொடுத்தது.

காசு இல்லாத இடத்தில் வந்த அழகு

வீட்டுக் கணினியின் தோற்றத்தை அதிகம் மாற்றியது பணக்கார நிறுவனம் அல்ல. பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் நடத்திய சிறு நிறுவனம். 100 பவுனுக்குக் குறைவாகக் கணினி விற்க வேண்டும் என்பதே அவரது பிடிவாதம். 1980இல் வந்த இசட்எக்ஸ்80இன் விலை 99.95 பவுன். மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் உடல். அதன் பின்பக்கம் காற்றுத் துவாரங்கள் போலத் தெரியும் கோடுகள் உண்மையில் துவாரங்களே அல்ல, வெறும் அலங்காரம்.

மறு ஆண்டு வந்த இசட்எக்ஸ்81ஐ வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன் என்ற இளைஞர். உள்ளே நான்கே சில்லுகள். விலை 69.95 பவுன். பாகங்களாக வாங்கிப் பொருத்திக்கொண்டால் 49.95 பவுன்தான். விசைகள் தனித்தனியாக இல்லை. தட்டையான ஒரு பரப்பில் எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மறைந்துவிடும் அளவில், ஆப்புப் போல முன்னோக்கிச் சரிந்த கறுப்புப் பெட்டி. மலிவான பொருள் என்று சொல்லாமல், எதிர்காலத்திலிருந்து வந்த பொருள் என்று அது தன்னைக் காட்டிக்கொண்டது.

1982 ஏப்ரலில் அதே டிக்கின்சனின் கையிலிருந்து இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வந்தது. 16கே நினைவகம் கொண்டது 125 பவுன். அன்றைய மதிப்பில் சுமார் 500 வெள்ளி. இதன் விசைகள் ரப்பர். ஒவ்வொரு விசையையும் தனித்தனியாகச் செய்து பொருத்தினால் செலவு ஏறும் என்பதால், எல்லா விசைகளையும் ஒரே ரப்பர் விரிப்பாக வார்த்து, மேலே துளைகள் இட்ட உலோகத் தகட்டை வைத்து மூடினார்கள்.

தட்டச்சு செய்தவர்கள் அந்த ரப்பர் விசைகளைத் திட்டித் தீர்த்தார்கள். அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். ஒவ்வொரு விசையைச் சுற்றிலும் ஐந்தாறு சொற்களும் குறிகளும் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும், எதை எப்போது அழுத்துவது என்று பழகவே வாரக்கணக்காகும். ஆனாலும் கறுப்பு உடல், சாம்பல் ரப்பர், வலது கீழ் மூலையில் சாய்ந்து ஓடும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலப் பட்டைகள் ஆகியவை ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்துவிட்டன. அந்தப் பட்டைகள், இசட்எக்ஸ்81இல் இல்லாத வண்ணம் இதில் உண்டு என்பதற்கான அறிவிப்பு. ஸ்பெக்ட்ரம் 50 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது.

டிக்கின்சனின் திறமை இங்கேதான். பெட்டியைச் சிறிதாக்கினால் பிளாஸ்டிக் குறையும். பாகங்களைக் குறைத்தால் கூலி குறையும். குறைத்துக்கொண்டே போன பின்பும், வாங்குபவர் வெட்கப்படாமல் ஹாலில் வைக்கத்தக்க பொருளாக அது இருக்க வேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் கண்ணியமான ஒரு பொருள் கிடைத்தது.

பிள்ளைகளுக்காகச் செய்த உடல்

பிள்ளைகள் தொடும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு நல்ல விடைகள் உண்டு.

ஒன்று, 1979இல் வெளிவந்த அடாரி 400. விசைப்பலகை முழுவதும் தட்டையான ஒரே பரப்பு. பிள்ளைகள் பால், சிரப் எதைக் கொட்டினாலும் துணியால் துடைத்துவிடலாம். அதன் உள்ளே கனமான அலுமினிய வார்ப்பு இருந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிகளிலிருந்து வெளிவரும் மின்னலைகள் பக்கத்து வீட்டுப் படத்தைக் கெடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அப்போது இருந்த கடுமையான விதியே அதற்குக் காரணம்.

மற்றொன்று, 1981இன் இறுதியில் வந்த பிபிசி மைக்ரோ. பிரிட்டிஷ் மக்களுக்குக் கணினி அறிவை ஊட்டும் ஒலிபரப்புத் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜில் உள்ள ஏக்கான் நிறுவனம் இதைத் தயாரித்தது. உடலை வடிவமைத்தவர் ஆலன் பூத்ராய்ட். வெளிறிய உடல், கறுப்பு விசைகள், மேல் வரிசையில் பளிச்சென்று பத்து செம்மஞ்சள் விசைகள். அவற்றுக்கு மேலே தெளிந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு. பாடத்துக்கு ஏற்ப எந்த விசை என்ன செய்யும் என்று காகிதத்தில் எழுதி அதன் அடியில் செருகிக்கொள்ளலாம். வகுப்பறையில் என்ன நடக்கும் என்று யோசித்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும். ஆண்டுக்கணக்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விரல்களைத் தாங்கி நின்றன அந்தப் பெட்டிகள்.

ரொட்டிப் பெட்டி

1982இல் வந்த கமடோர் 64க்குப் பயனர்கள் வைத்த செல்லப் பெயர் ரொட்டிப் பெட்டி. உருண்ட விளிம்புகள், பழுப்பு உடல், அடர்ந்த சாக்லேட் நிற விசைகள். இந்த உருவம் புதிதல்ல. நிறுவனத்தின் முந்தைய கணினியான விக்-20க்குச் செய்த அச்சையே வேறு நிறத்தில் பயன்படுத்தினார்கள். விசைகளின் முன்பக்கத்தில் கோடு, கட்டம், இதயம் போன்ற சிறு வடிவங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைத் திரையில் அடுக்கிப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்ற இந்தக் கணினி, யாரும் அழகுப் பொருளாக நினைத்துச் செய்ததல்ல. ஆனால் பழகப் பழக அழகாகிவிட்டது. அம்மாவின் பழைய தையல் மெஷின் நமக்கு அழகாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

முகம் உள்ள கணினி

1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டோஷ் இன்னொரு வழியில் போனது. ஜெரி மேனாக்கும் டெரி ஓயாமாவும் அதற்கு நிமிர்ந்த உருவம் கொடுத்தார்கள். மேசையில் குறைந்த இடமே பிடிக்கும். மேலே 9 அங்குலத் திரை, அதன் கீழே ஒரு பக்கமாக வட்டு செருகும் பிளவு, அதற்கும் கீழே உள்வாங்கிய தாடை. பார்ப்பவருக்கு அது ஒரு முகம். உச்சியில் கைபிடி வைத்தார்கள். கைபிடி உள்ள பொருளைப் பார்த்தால் தொடத் தோன்றும், பயம் குறையும். கணினியை இயக்கியதும் சூசன் கேர் வரைந்த சிரித்த முகம் திரையில் தோன்றும்.

யாரும் பார்க்க முடியாத ஓர் இடத்திலும் அவர்கள் அக்கறை காட்டினார்கள். 1982 பிப்ரவரியில் அந்தக் குழுவினர் ஒரு பெரிய தாளில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகள் உடலின் உட்புறத்திலேயே அச்சு வார்க்கப்பட்டன. சிற்பி சிலையின் அடியில் பெயர் பொறிப்பது போன்ற செயல் அது.

ஜப்பானியர்களும் சும்மா இருக்கவில்லை. ஷார்ப் நிறுவனம் 1982இல் எக்ஸ்1 கணினியைச் சிவப்பு நிறத்திலும் விற்றது. 1987இல் வந்த அதன் எக்ஸ்68000, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரங்களின் வடிவில் இருந்தது.

எட்டுப் புள்ளிக்குள் அடங்காத தமிழ்

தோற்றம் என்றால் பெட்டி மட்டுமல்ல, திரையும் சேர்ந்ததுதான். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 போன்றவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் அகலத்தில் 8, உயரத்தில் 8 என 64 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம்தான் உண்டு. அந்தச் சதுர எழுத்துகளின் முரட்டு அழகைத்தான் இன்றைய விளம்பரங்கள் ஆசையோடு நகலெடுக்கின்றன.

ஆனால் அந்தக் கட்டம் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வெட்டிய சட்டை. 'ண'வின் சுழிகளையும் 'ஞூ'வின் கொம்பையும் எட்டுப் புள்ளிக்குள் எப்படி அடக்குவது? 'கொ' என்று எழுதினால் மூன்று கட்டங்கள் வேண்டும். எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடைக்காமல், திரை முழுவதையும் ஓர் ஓவியத் தாளாகக் கருதும் கணினிகள் பரவிய பிறகுதான் தமிழ் தன் உருவத்தோடு திரையில் வர வழி பிறந்தது. அந்த மாற்றக் காலத்தில்தான், 1985இல், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார்.

அழகு எங்கே போனது?

1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதைப் போலவே இயங்கும் கணினிகளைப் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. எந்த அட்டையும் எந்தப் பெட்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவுக்கு வந்தன. விலை இறங்கியது, நம் வீடுகளுக்கும் கணினி வந்தது. அது பெரிய நன்மை. ஆனால் உருவம் ஒரே மாதிரியாகிவிட்டது. 1998இல் நிறக் கண்ணாடி போன்ற உடலோடு ஐமேக் வந்தபோது உலகம் அவ்வளவு வியந்ததற்குக் காரணம், இடைப்பட்ட ஆண்டுகளின் சலிப்புதான்.

வீட்டில் ஒன்று கிடைத்தால்

பழைய கணினிகள் மஞ்சளாவது அழுக்கால் அல்ல. அவற்றின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் கலந்த பொருள்களைச் சேர்த்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் வெப்பமும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் நிறத்தை மாற்றுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை 2008 முதல் ஆர்வலர்களிடையே பரவியது. ஆனால் அது கையையும் கண்ணையும் பாதிக்கும் இரசாயனம். வெளுத்த நிறம் மறுபடியும் மஞ்சளாகலாம். சாதாரண வீட்டுக்கு ஈரத் துணியும் சிறிது பாத்திரச் சோப்பும் போதும்.

உடனே மின்சாரத்தில் செருகிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. அமெரிக்காவில் வாங்கிய கணினி 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டிருந்தால், நம் 230 வோல்ட் அதை ஒரு நொடியில் கருக்கிவிடும். அடியில் உள்ள ஒட்டுத்தாளை முதலில் படிக்க வேண்டும். உள்ளே பேட்டரி இருந்தால், அது கசிந்து மின்பலகையை அரித்திருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் இது சீக்கிரமே நடக்கும். படக்குழாய்த் திரை உள்ளவற்றை வீட்டில் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதனுள் ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இந்தக் கணினிகளின் கதையில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே சில்லுகளைப் பொருத்தும் தொழிற்சாலைகளைத் திறந்தன. 1981இல் ஆப்பிள் நிறுவனம் சிங்கப்பூர் அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்து, ஆப்பிள் 2க்கான மின்பலகைகளைச் செய்தது. அந்தக் காலத்தில் விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற இளம் பெண்களில், தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களின் பெண்களும் இருந்தார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியிலும் மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்த வேலை அது.

அன்றைய கணினி ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தால், கறுப்புச் சில்லு ஒன்றின் முதுகில் சிறிய வெள்ளை எழுத்தில் 'மலேசியா' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். மெக்கின்டோஷ் குழுவினரின் கையெழுத்து அந்தப் பெட்டியின் உட்புறத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெண்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை, நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர்களில் பலர் இன்று பாட்டிமார். தாங்கள் செய்த சில்லு எந்தப் பெட்டிக்குள் போனது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

ஸ்டோர் அறையிலிருந்து அந்தப் பழுப்புப் பெட்டி வெளியே வந்தால், லோரியில் ஏற்றும் முன் துடைத்து ஹால் மேசையில் ஒருநாள் வைக்கலாம். பிள்ளைகள் விசைகளை அழுத்திப் பார்க்கட்டும். தொழிற்சாலைக்குப் போன பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும்.